சீப்புச் சீடைக்கு இன்சூரன்ஸ் கிடையாது: வெளிநாடு போகும் முன் பாலிசி பார்ப்பது எப்படி

எங்கள் வீட்டு முகப்பில் மாதத்துக்கு ஒருவராவது கையில் இரண்டு தாள்களோடு வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். எல்லாம் என் வயதுக்காரர்கள். மகளுக்குப் பேறுகாலம் பார்க்க டல்லாஸ், மகன் வீடு குடிபுகச் சிட்னி, தைப்பூசத்துக்குப் பினாங்கு என்று கிளம்புகிறவர்கள். விசா வந்தாயிற்று, டிக்கெட் போட்டாயிற்று, பெட்டியும் பாதி கட்டியாயிற்று. கடைசியாகத்தான், "ஆச்சி, இந்த இன்சூரன்ஸ் சரியா இருக்கான்னு ஒரு பார்வை பார்த்துடுங்க" என்பார்கள்.

நான் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் இல்லை. பள்ளத்தூரில் பிறந்து, தேவகோட்டையில் வாழ்க்கைப்பட்டு, 31 வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் 2018-இல் பட்ட ஒரு அடியில் தெரிந்துகொண்டதுதான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மகளின் முதல் பேறுகாலத்துக்கு நானும் என் வீட்டுக்காரரும் நியூ ஜெர்ஸி போனோம். ஐந்து மாதம். பாலிசி போட வந்தவர் இருப்பதிலேயே மலிவானதை எடுத்துக் காட்டினார். "50,000 டாலர் கவர், போதும்மா" என்றார். அவ்வளவு தொகை வரை வைத்தியச் செலவைக் கம்பெனி ஏற்கும் என்று அர்த்தம். படிவத்தில் "ஏற்கனவே ஏதாவது நோய் உண்டா?" என்று ஒரு கட்டம். என் வீட்டுக்காரர் 12 வருடமாகப் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர். "பிரஷர் யாருக்கு இல்லை, இல்லைன்னு போட்டுடுவோம், எழுதினா பிரீமியம் ஏறிடும்" என்றார் வந்தவர். நானும் தலையாட்டினேன். கீழே கையெழுத்து என்னுடையது, அதனால் அவர் மேல் பழி போட்டுப் பயனில்லை.

மூன்றாம் மாதம், இரவு இரண்டு மணிக்கு இவருக்கு நெஞ்சை அடைத்தது. ஆம்புலன்ஸ், அவசர சிகிச்சை, இரண்டு இரவு மருத்துவமனை. நல்ல வேளை, மாரடைப்பு இல்லை. பில் 34,000 டாலர். அங்கே டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை வருடமாக மாத்திரை?" இவர் உள்ளதைச் சொல்லியிருக்கிறார். அது கேஸ் ஷீட்டில் ஏறியது. கம்பெனி கேஸ் ஷீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தது. படிவத்தில் 'இல்லை', கேஸ் ஷீட்டில் '12 வருடம்'. பணம் கேட்டு நாங்கள் போட்ட கிளைம் அத்தோடு முடிந்தது.

மாப்பிள்ளைதான் மருத்துவமனையின் பில்லிங் ஆபீஸில் பேசி, தொகையைக் குறைத்து, தவணை வாங்கிக் கட்டினார். எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கொடுத்த வீடு காலமெல்லாம் கொடுத்துக்கொண்டே இருக்கும். மாப்பிள்ளை காசில் மாமனாருக்கு வைத்தியம் என்றால் அந்த மனுஷர் எப்படித் தலைநிமிர்ந்து சாப்பிடுவார்? ஊர் திரும்பும்வரை இவர் மாப்பிள்ளையோடு ஒரே மேசையில் உட்காரவில்லை.

என் ஐயா, அதாவது தாத்தா, பினாங்குக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் பார்க்க, போனவர். மூன்று வருடக் கணக்குக்குக் கப்பலேறும் முன் சம்பளச் சீட்டை, அதாவது வேலை ஒப்பந்தத்தை, எழுத்தெண்ணிப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவாராம். அவர் பேத்தி, கணக்கு டீச்சர், படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

அதனால் என்னிடம் யார் பாலிசித் தாளைக் கொண்டுவந்தாலும் முதலில் தாளைப் பார்ப்பதில்லை. மாத்திரை டப்பாவைத் திறக்கச் சொல்கிறேன். அதில் உள்ள ஒவ்வொரு மாத்திரையும் எதற்கு என்று ஒரு காகிதத்தில் எழுதுங்கள். சர்க்கரை, பிரஷர், தைராய்டு, எப்போதோ வைத்த ஸ்டென்ட், போன வருடம் செய்த கண்புரை அறுவை, எல்லாம். அந்தக் காகிதத்தில் இருப்பது முழுவதும் படிவத்தில் ஏறவேண்டும். ஏறினால் பிரீமியம் கூடலாம், மருத்துவப் பரிசோதனை கேட்கலாம், ஒரு கம்பெனி முடியாது என்றும் சொல்லலாம். சொல்லட்டும், அடுத்த கம்பெனியைப் பாருங்கள். இங்கே தேவகோட்டையில் உட்கார்ந்து 'முடியாது' கேட்பது சுகம். அங்கே போய்க் கேட்டால் 34,000 டாலர்.

நோயைச் சொல்லிவிட்டால் மட்டும் அந்த நோய்க்குக் கவர் கிடைத்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். இதில் மூன்று விதம் உண்டு. முன்பே இருக்கும் நோய்க்கு ஒரு பைசாவும் தராத பாலிசி ஒன்று. உயிருக்கு ஆபத்தான நிலையில் மட்டும், அந்த ஆபத்து நீங்கும்வரை, அதுவும் ஒரு சின்ன உச்சவரம்புக்குள் தருகிற பாலிசி இன்னொன்று. கூடுதல் பிரீமியம் வாங்கிக்கொண்டு கொஞ்சம் தாராளமாகத் தருகிறது மூன்றாவது. என்னைப் போல அறுபதைத் தாண்டியவர்கள் மூன்றாவதைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் இரண்டாவதில் உச்சவரம்பு பெரிதாக இருப்பதைப் பிடியுங்கள். முதலாவது மலிவாகத்தான் இருக்கும். முப்பது வயதில் ஒரு மாத்திரையும் இல்லாதவர்களுக்கு அது போதும், நமக்கு இல்லை.

அப்புறம்தான் தாள். தாளில் கொட்டை எழுத்தில் ஒரு தொகை இருக்கும். 50,000 டாலர், ஒரு லட்சம் டாலர் என்று. எல்லாரும் அதை மட்டும் பார்க்கிறார்கள். நான் அதை 'முகப்புத் தொகை' என்பேன். எங்கள் ஊர் வீடுகள் மாதிரிதான். முகப்பு பிரமாதமாக இருக்கும், பின்கட்டு வரை நடந்து பார்த்தால்தான் ஓடு எங்கே ஒழுகுகிறது என்று தெரியும். பாலிசியில் பின்கட்டு என்பது 'சப் லிமிட்'. மொத்தம் 50,000 தருகிறேன், ஆனால் அறைக்கு நாளுக்கு இவ்வளவு, பரிசோதனைக்கு மொத்தம் இவ்வளவு, டாக்டர் பார்த்தால் இவ்வளவு என்று உள்ளே கட்டம் கட்டியிருப்பார்கள். பல பாலிசிகளில் 60 வயதைத் தாண்டியவர்களுக்குத்தான் இந்தக் கட்டமே வரும். அதே பாலிசியில் நாற்பது வயதுக்காரருக்கு இருக்காது.

ஊர் திரும்பியபின் ஒரு நாள் சாயங்காலம் எங்கள் பாலிசியை எடுத்துவைத்து, பொய் சொல்லாமல் இருந்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று போட்டுப் பார்த்தேன். அறையும் நர்ஸும் நாளுக்கு 1,500 டாலர், இரண்டு நாளுக்கு 3,000. பரிசோதனைகள் எல்லாம் சேர்த்து 1,000. டாக்டர் நாளுக்கு 100, ஆக 200. ஆம்புலன்ஸ் 400. கூட்டினால் 4,600. அதில் நாம் கட்டவேண்டிய முதல் 100 டாலரைக் கழித்தால் 4,500. பில் 34,000! உண்மையே எழுதியிருந்தாலும் 29,500 டாலர் எங்கள் தலையில்தான் விழுந்திருக்கும். 50,000 என்று போட்ட பாலிசி, 4,500-க்கு மேல் ஒரு டாலரும் தந்திருக்காது. இந்தக் கணக்கை நீங்கள் வாங்கும் முன்பே போடுங்கள். இரண்டு இரவு மருத்துவமனை என்று வைத்துக்கொண்டு உள்கட்டத்தை எல்லாம் கூட்டுங்கள். வருகிற விடைதான் உங்கள் நிஜமான கவர்.

இந்த உள்கட்டம் எங்கே இருக்கும்? கையில் தருகிற ஓரிரு பக்க 'ஷெட்யூல்' தாளில் முழுதாக இருக்காது. 'பாலிசி வேர்டிங்' என்று பல பக்கப் புத்தகம் ஒன்று கம்பெனி வெப்சைட்டில் கிடக்கும். பணம் கட்டும் முன்பே இறக்கிக்கொள்ளலாம். இங்கிலீஷ் கஷ்டம் என்றால் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பிள்ளையைக் கூப்பிட்டு, செல்போனில் 'சப் லிமிட்', 'ப்ரீ எக்ஸிஸ்டிங்' (முன்பே இருக்கும் நோய்), 'எக்ஸ்குளூஷன்' (எதற்கெல்லாம் தரமாட்டார்கள்), 'டிடக்டிபிள்' என்ற நான்கு சொற்களைத் தேடிக் காட்டச் சொல்லுங்கள். அந்த நான்கு இடத்தைப் படித்தால் முக்கால் கிணறு தாண்டியாயிற்று.

டிடக்டிபிள் என்பது ஒவ்வொரு கிளைமிலும் முதலில் நம் கையிலிருந்து போகிற தொகை. 50, 100 டாலர் என்றால் விட்டுவிடுங்கள். பிரீமியம் குறைகிறதே என்று 1,000, 2,500 டாலருக்கு ஒத்துக்கொள்ளும் முன் யோசியுங்கள். காய்ச்சல், பல்வலி, சின்ன எலும்பு முறிவெல்லாம் அதற்குள்ளேயே அடங்கிவிடும்.

எந்த நாடு என்பதைப் பொறுத்துத் தொகை மாறும். அமெரிக்காவில் வைத்தியச் செலவு உலகத்திலேயே அதிகம், ஆனாலும் விசிட்டர் விசாவுக்கு இன்சூரன்ஸ் கட்டாயமில்லை. கட்டாயமில்லை என்பதாலேயே பலர் விட்டுவிடுகிறார்கள். அறுபதைத் தாண்டியவர்கள் அங்கே போவதானால் இரண்டரை லட்சம் டாலருக்குக் குறைத்து எடுக்கவேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கு விதியே இருக்கிறது. குறைந்தது 30,000 யூரோ, எல்லா ஷெங்கன் நாட்டிலும் செல்லவேண்டும், அவசர சிகிச்சையோடு ஊருக்குத் திரும்பக் கொண்டுவரும் செலவும் அதில் அடங்கவேண்டும். கனடாவுக்கு 'சூப்பர் விசா'வில் போகிற பெற்றோருக்கு ஒரு வருடத்துக்குக் குறையாத, ஒரு லட்சம் கனடா டாலருக்குக் குறையாத பாலிசி வேண்டும். இங்கிலாந்தில் வைத்தியம் இலவசம் என்று ஒரு நம்பிக்கை நம்மவர்களிடம் உண்டு. விசிட்டர் விசாவில் போகிறவர் மருத்துவமனையில் சேர்ந்தால் அந்த வைத்தியத்துக்கு ஆகும் செலவில் 150 சதவீதம் கேட்பார்கள்.

சிங்கப்பூரும் மலேசியாவும் நமக்குச் சொந்த ஊர் மாதிரி. திருச்சியில் ஏறினால் நாலைந்து மணி நேரத்தில் இறங்கிவிடலாம். மலேசியாவுக்கு 2023 டிசம்பரிலிருந்து நமக்கு விசாவும் கேட்பதில்லை. அதனால் யாரும் பாலிசியை நினைப்பதே இல்லை. ஆனால் அங்கே அரசு மருத்துவமனையானாலும் வெளிநாட்டுக்காரருக்குச் சலுகைக் கட்டணம் கிடையாது. தைப்பூசத்துக்குப் பினாங்கில் வெள்ளி ரதம் கோயில் வீட்டிலிருந்து தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய்ச் சேர ஒரு பகல் முழுக்க ஆகிவிடும். வெயிலில் கூடவே நடக்கிறவர்களில் பாதிப்பேர் மூட்டுவலிக்காரர்கள். கூட்டமாகப் போகும்போது டூர் நடத்துகிறவர் "எல்லாருக்கும் சேர்த்து குரூப் பாலிசி போட்டாச்சு" என்பார். உங்கள் பெயரும் பாஸ்போர்ட் நம்பரும் அச்சிட்ட தாளைக் கையில் வாங்குங்கள். அது இல்லாமல் அங்கே எந்த ஆஸ்பத்திரியிலும் எதைக் காட்டுவீர்கள்?

இங்கே வாங்குவதா, அங்கே பிள்ளைகளை வாங்கச் சொல்வதா என்பது அமெரிக்கா போகிறவர்கள் எல்லாரும் கேட்பது. இந்தியக் கம்பெனி பாலிசியை இங்கிருந்து கிளம்பும் முன்பே எடுத்துவிடவேண்டும். இறங்கியபின் எடுக்க முடியாது. விலை குறைவு, தகராறு வந்தால் இங்கேயே புகார் செய்யலாம். அங்கத்திய பாலிசி விலை அதிகம், ஆனால் அந்த ஊர் மருத்துவமனைகளுக்குப் பழகிய கார்டு. அதிலும் இரண்டு ஜாதி உண்டு. 'ஃபிக்ஸட்' என்பது நான் மேலே கணக்குப் போட்டுக் காட்டிய அதே உள்கட்டச் சமாசாரம், அது வேண்டாம். 'காம்ப்ரிஹென்சிவ்' என்பதில் டிடக்டிபிளுக்குப் பிறகு, பெரும்பாலும் முதல் 5,000 டாலருக்கு 80 சதவீதமும் அதற்கு மேல் உச்சவரம்பு வரை முழுதும் தருவார்கள். பழைய நோய் விஷயத்தில் அவர்கள் 'அக்யூட் ஆன்செட்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். முன்னறிகுறி எதுவும் இல்லாமல் திடீரென்று வந்தால்தான் தருவார்கள், அதற்கும் வயது வரம்பு உண்டு. ஒரு வாரமாக மூச்சு வாங்கியது, அப்புறம்தான் போனோம் என்று வாய் தவறிச் சொன்னாலும் உண்மை உண்மைதான், காசு வராது. அதனால் உடம்பு ஒரு சமிக்ஞை காட்டினால் அன்றைக்கே காட்டிவிடுங்கள். பிள்ளைகளுக்கு எதற்குத் தொந்தரவு என்று பொறுத்துக்கொள்ளும் பழக்கம் நம் பெண்களுக்கு உண்டு. வெளிநாட்டில் அதை விட்டுவிடவேண்டும்.

நாள் கணக்கில் கோட்டை விடுகிறவர்களும் நிறைய. புறப்படும் நாளும் திரும்பி இறங்கும் நாளும் இரண்டும் சேரவேண்டும், அதற்கு மேல் ஐந்தாறு நாள் கூட்டி எடுங்கள். பேறுகாலம் பார்க்கப் போனவர் சொன்ன தேதியில் திரும்பி வந்ததாக எனக்குத் தெரிந்து சரித்திரம் இல்லை. ஒரு பயணத்துக்குப் பொதுவாக 180 நாள் வரை தருவார்கள். நீட்டிப்பதானால் பாலிசி முடியும் முன்பே கேட்கவேண்டும். நடுவில் கிளைம் செய்திருந்தால் மறுக்கவும் மறுப்பார்கள். பேறுகாலம் என்றதும் இன்னொன்று. பயணப் பாலிசியில் பிரசவச் செலவு சேராது, பிறந்த குழந்தையும் சேராது. கர்ப்பிணியாக இருக்கிற மருமகளை அழைத்துக்கொண்டு பயணம் போகிற மாமியார்கள் இதைத் தெரிந்துகொள்ளவேண்டும்.

வழக்கமான செக்கப்புக்கும் தீர்ந்துபோன மாத்திரைக்கும் எந்தப் பாலிசியும் தராது. மொத்த நாளுக்கும் மாத்திரையை இங்கேயே வாங்கி, டாக்டர் சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் மூலப்பெயரையும் எழுதி வாங்கிக் கைப்பையில் வையுங்கள். செக்-இன் பெட்டியில் வேண்டாம்.

பெட்டி என்றதும் சீப்புச் சீடை. எங்கள் பெட்டியில் துணி கால் பங்குதான். மிச்சமெல்லாம் சீப்புச் சீடை, தேன்குழல், மனகோலம், கவுனி அரிசி, பேத்திக்குப் பனையோலைக் கொட்டான். 2023-இல் இரண்டாம் முறை போனபோது ஒரு பெட்டி இரண்டு நாள் தாமதமாக வந்தது. பெட்டி வராவிட்டால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே, அந்த விமானக் கம்பெனி கவுண்டரில் 'பி.ஐ.ஆர்.' என்ற ரிப்போர்ட் எழுதி வாங்கவேண்டும். அது இல்லாவிட்டால் பேச்சே இல்லை. பெரும்பாலான பாலிசிகளில் 12 மணி நேரம் தாமதமானால்தான் பணம், அதுவும் அவசரமாக வாங்கிய துணி, பிரஷ், பேஸ்ட் ரசீதுக்கு மட்டும். திரும்பி இந்தியா வரும்போது தாமதமானால் பெரும்பாலும் கிடையாது. பலகாரத்துக்கு யாரும் தரமாட்டார்கள், நான் கேட்டுப் பார்த்தேன். நகைக்கும் ரொக்கத்துக்கும் கிடையாது, அதைப் பெட்டியில் போடுகிறவரை எந்தக் கம்பெனியும் காப்பாற்றாது. பெட்டி முழுக்கத் தொலைந்தாலோ உடைந்தாலோ விமானக் கம்பெனியிடமே இழப்பீடு கேட்க உலக ஒப்பந்தப்படி உரிமை உண்டு. உடைந்ததற்கு 7 நாளுக்குள்ளும், தாமதத்துக்குப் பெட்டி கைக்கு வந்த 21 நாளுக்குள்ளும் எழுத்தில் கொடுக்கவேண்டும். அதனால் பாலிசியை எடைபோடும்போது பெட்டிக்கு எவ்வளவு என்று பார்த்து மயங்காதீர்கள். விளம்பரத்தில் அதைத்தான் பெரிதாகப் போடுவார்கள்.

டிக்கெட் எடுக்கும்போதே ஒரு கட்டத்தில் டிக் அடித்தால் இன்சூரன்ஸ் என்று வருமே, அதுவும் கிரெடிட் கார்டோடு வருகிறதும் பெரும்பாலும் விபத்து, பெட்டி, விமானத் தாமதம் என்ற அளவோடு நின்றுவிடும். வைத்தியம் எவ்வளவு என்று பார்க்காமல் அதை நம்பவேண்டாம். பயணம் ரத்தானால் பணம் என்பதற்கும் காரணப் பட்டியல் உண்டு. விசா மறுக்கப்பட்டால் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இருக்காது. வாலிபப் பிள்ளைகள் லங்காவியில் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுப்பதானால் அங்கே செல்லுபடியாகிற லைசென்ஸும் ஹெல்மெட்டும் இல்லாமல் விழுந்தால் காசு இல்லை. குடித்திருந்தாலும் இல்லை.

நம் சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகள் 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' போட்டிருப்பார்கள். இரண்டு வருடத்துக்கு வரி நீங்கலாக 275 ரூபாய்தான், விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 லட்சம். நல்ல திட்டம், ஆனால் வேலைக்குக் குடியேறுகிறவர்களுக்கானது. மகனைப் பார்க்கப் போகிற பெற்றோருக்கு அது பொருந்தாது.

இனி, சொல்லவே வாய் கூசுகிற ஒன்று. பயணம் புறப்படும் வீட்டில் சாவைப் பற்றிப் பேசக்கூடாது என்பார் என் அப்பத்தா. இருந்தாலும் 'ரிபாட்ரியேஷன் ஆஃப் ரிமெயின்ஸ்' என்ற வரியைத் தேடிப் பாருங்கள். அங்கே காலமானால் உடலை ஊருக்குக் கொண்டுவரும் செலவு அது. விமானச் சரக்குக் கட்டணம், பதப்படுத்துவது, தூதரகத் தாள்கள் எல்லாம் சேர்ந்தால் பிள்ளைகள் துக்கத்தோடு கடனையும் சுமப்பார்கள். அதற்கு எவ்வளவு என்று தொகையைப் பார்த்துவிட்டு, வாய்விட்டுச் சொல்லாமல் பக்கத்தைப் புரட்டிவிடுங்கள்.

அதே 2023 பயணத்தில் பனியில் வழுக்கி என் மணிக்கட்டு முறிந்தது. இந்த முறை எல்லா நோயும் எழுதிய, உள்கட்டம் இல்லாத பாலிசி. விலை போன முறையைப் போல மூன்று மடங்கு, என் வீட்டுக்காரர் முணுமுணுத்துக்கொண்டே கட்டினார். காரில் ஏறும்போதே பாலிசியில் இருந்த 24 மணி நேர நம்பருக்கு மகள் போன் செய்து ஒரு ரெஃபரன்ஸ் நம்பர் வாங்கிவிட்டாள். இதுதான் முக்கியம். சேர்ந்து 24 மணி நேரத்துக்குள் சொல்லவேண்டும் என்று பல பாலிசியில் இருக்கும், ஆனால் முதலிலேயே சொல்லிவிட்டால் எந்த மருத்துவமனைக்குப் போவது என்பதையும் அவர்களே சொல்வார்கள். படுக்கையில் சேர்ந்தால்தான் பெரும்பாலும் கேஷ்லெஸ், அதாவது கம்பெனியே மருத்துவமனைக்கு நேராகக் கட்டிவிடும். கட்டுப் போட்டு அனுப்பிவிட்டதால் மாப்பிள்ளை காசில் நாங்களே கட்டி, பில், ரசீது, எக்ஸ்ரே ரிப்போர்ட், டாக்டர் குறிப்பு, பாஸ்போர்ட்டில் விழுந்த முத்திரைப் பக்கம் எல்லாவற்றையும் ஊர் வந்து அனுப்பினோம். ஐந்து வாரத்தில் பணம் வந்தது. நான் முதலில் செய்த வேலை அதை மாப்பிள்ளை கணக்கில் திருப்பிப் போட்டதுதான்.

இந்தியக் கம்பெனி மறுத்தால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் இன்சூரன்ஸ் தகராறுகளை விசாரிக்கச் சென்னையில் உள்ள ஆம்புட்ஸ்மேன் என்ற அதிகாரியிடம் ஒரு வருடத்துக்குள் போகலாம். 50 லட்சம் ரூபாய் வரை அவர் விசாரிப்பார், கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. ஆனால் படிவத்தில் பொய் எழுதியவருக்கு அங்கேயும் கதவு திறக்காது. 2018-இல் நான் அந்தப் படி ஏறாததற்கு அதுதான் காரணம்.

பாலிசி நம்பரையும் அந்த 24 மணி நேர நம்பரையும் மூன்று இடத்தில் எழுதிவைக்கிறேன். பாஸ்போர்ட் உறைக்குள் ஒன்று, மகளின் போனில் ஒன்று, மாத்திரை டப்பா மூடியின் உள்பக்கம் ஒன்று. நாளைக் காலையில் கோட்டையூரிலிருந்து ஒரு தம்பதி வருகிறார்கள், மெல்போர்ன் பயணம். பாலிசித் தாளை மறந்தாலும் பரவாயில்லை, டப்பாவை மறக்காமல் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.